திருகோணமலையிலிருந்து விமானம் ஏறப் போகிறீர்களா? கைப்பை, பவர் பேங்க், லப்டொப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுநாயக்க விமான நிலையம் நமக்குப் பக்கத்தில் இல்லை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க வேனில் உட்கார்ந்து போனால்தான் விடியும்போது போய்ச் சேரலாம். அங்கே ஒரு பொருளை வெளியே எடுத்து வைத்து "இதைக் கொண்டுபோக முடியாது" என்றால், ஏற்றிவிட வந்த வேன் அதற்குள் திரும்பிப் போயிருக்கும். நீர்கொழும்பில் இருப்பவர் வீட்டுக்கு ஃபோன் போட்டு ஆளை வரச்சொல்லிக் கொடுத்துவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை, அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் எல்லாவற்றையும் வீட்டில் பெட்டி கட்டும்போதே சரிபார்த்துவிடுங்கள் என்று டிக்கட் எடுக்க வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

பவர் பேங்கைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பலாமா?

கூடாது. எந்த விமான நிறுவனமானாலும், எந்த நாட்டுக்குப் போனாலும், பவர் பேங்கும் தனியாக வைத்திருக்கும் லித்தியம் பற்றரிகளும் கையோடுதான் வர வேண்டும். செக்-இன் செய்யும் பெட்டியில் போட்டால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். பிறகு உங்கள் பெயரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். சில வேளை பெட்டி உங்களோடு விமானம் ஏறாமலே தங்கிவிடும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று பலர் கேட்கிறார்கள். பெறுமதியான சாமான்களைப் பெட்டிக்குள் பூட்டி அனுப்புவதுதான் பாதுகாப்பு என்று பழகியவர்கள் நாம். பற்றரி விடயத்தில் அது நேர்மாறு. லித்தியம் பற்றரிக்குள் ஒரு செல் (உள்ளே இருக்கும் சிறு பற்றரி) பழுதாகிச் சூடேறினால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவும், அது அடுத்ததற்குத் தாவும். சரக்கு அறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும், பற்றரிக்குள்ளே நடக்கும் இந்தச் சூடேற்றத்தை நிறுத்தாது. 2010 செப்டம்பர் 3ஆம் திகதி துபாயில் யூபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று தீப்பிடித்து விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அதில் பெருந்தொகையான லித்தியம் பற்றரிகள் ஏற்றப்பட்டிருந்தன. பயணிகள் இருக்கும் பகுதியில் பற்றரி புகைந்தால் யாராவது காண்பார்கள். பணியாளர்கள் ஓடி வந்து தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். அந்த வாய்ப்பு சரக்கு அறையில் இல்லை.

என்னுடையது 20,000 எம்.ஏ.எச்., கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். விமான நிறுவனங்கள் பார்ப்பது பவர் பேங்கில் பெரிதாக எழுதியிருக்கும் எம்.ஏ.எச். (mAh) கணக்கை அல்ல, பற்றரியில் எவ்வளவு மின்சக்தி அடங்கும் என்று காட்டும் வாட் அவர் (Wh) கணக்கை. 100 வாட் அவர் வரை யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதிலும் இரண்டுக்கு மேல் விடமாட்டார்கள். 160க்கு மேல் பயணிகள் விமானத்தில் ஏற்றவே முடியாது.

பெரும்பாலான பவர் பேங்கின் பின்பக்கத்தில் வாட் அவர் எண்ணும் அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் எம்.ஏ.எச். எண்ணை 1000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்குங்கள். 3.7 என்பது உள்ளே இருக்கும் செல்லின் வோல்ட். 10,000 என்றால் 37 வாட் அவர். 20,000 என்றால் 74. 27,000 என்றால் நூறுக்குச் சற்றுக் கீழே நிற்கும், அதுதான் எல்லை. 30,000 என்றால் 111 ஆகிவிடும், அனுமதி இல்லாமல் போகாது. சிலர் யூஎஸ்பி வோல்டான 5ஆல் பெருக்கிப் பார்த்து 20,000மே 100 வாட் அவர் எல்லையைத் தொட்டுவிடும் என்று பயந்துவிடுகிறார்கள். அது பிழையான கணக்கு.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு 10,000 போதும் என்பது என் அபிப்பிராயம். பாரமும் குறைவு, எந்த நிறுவனத்திலும் கேள்வி வராது.

எழுத்தெல்லாம் அழிந்துபோன பழைய பவர் பேங்க் இருக்கிறது. வேலை செய்கிறது. கொண்டுபோகலாமா?

வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சோதனை செய்கிற அலுவலர் பவர் பேங்கைக் கையில் எடுத்தால் முதலில் அதைத் திருப்பி, வெளிச்சத்தில் சரித்து, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைத்தான் தேடுவார். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால், அல்லது காற்சட்டைப் பையில் உரசி உரசி இலக்கம் மட்டும் தேய்ந்துபோயிருந்தால், அது எத்தனை வாட் அவர் என்று அவர் எப்படித் தீர்மானிப்பார்? எடுத்து வைத்துவிடுவார். "போன முறை விட்டார்களே" என்று வாதாடிப் பயனில்லை.

பவர் பேங்கைச் சமதரையான மேசையில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி உப்பியிருந்து இரு பக்கமும் ஆடினால், அல்லது மூடி லேசாகப் பிளந்திருந்தால், அதை இனி வீட்டிலும் பாவிக்க வேண்டாம். வயிறு ஊதிய பற்றரி பழுதான பற்றரி.

விமானத்துக்குள் பவர் பேங்கில் ஃபோனைச் சார்ஜ் போடலாமா?

2025இல் இந்த விதிதான் அதிகம் மாறியது. அதற்கு முன் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் பூசான் நகரில், எயார் பூசான் நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் ஒன்று புறப்படத் தயாராக நின்றபோது, பைகள் வைக்கும் மேல் தட்டில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியே வந்துவிட்டார்கள், விமானத்தின் கூரை எரிந்துபோனது. பவர் பேங்க் ஒன்றின் உட்புறம் பழுதானது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமாக விதியை இறுக்கத் தொடங்கியது. தாய் எயார்வேஸ் அந்த மார்ச் மாதத்திலும், சிங்கப்பூர் எயார்லைன்ஸும் எயார் ஏசியாவும் ஏப்ரல் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பாவிப்பதைத் தடைசெய்தன.

நம் ஊரவர்கள் அதிகம் போகும் எமிரேட்ஸில் 2025 அக்டோபர் 1 முதல் இதுதான் நிலை: ஆளுக்கு ஒரு பவர் பேங்க், அதுவும் 100 வாட் அவருக்குள். அதில் ஃபோனைச் சார்ஜ் போடக் கூடாது, விமானத்தின் மின்சாரத்தில் அதைச் சார்ஜ் ஏற்றவும் கூடாது. மேல் தட்டில் வைக்கக் கூடாது. முன்னால் உள்ள இருக்கைப் பையிலோ, காலடியில் இருக்கும் பையிலோதான் இருக்க வேண்டும்.

வேறு நிறுவனத்தில் போகிறவர்களும் இதையே பின்பற்றினால் எங்கும் சிக்கல் வராது. மேல் தட்டில் வைக்காதீர்கள் என்பதை மட்டுமாவது மறக்க வேண்டாம். காலடியில் இருந்தால் சூடேறுவது உங்களுக்கே தெரியும். மேலே, மூன்று பைகளுக்கு அடியில், சேலைகளுக்கு நடுவில் இருந்தால் புகை வரும்வரை ஒருவருக்கும் தெரியாது.

பிறகு ஃபோனுக்கு என்ன வழி? ஊரிலிருந்து புறப்படும்போது ஃபோனை நிறைத்துக்கொண்டு, பவர் பேங்கை வேனில் பாவியுங்கள். அந்த ஆறு மணித்தியாலத்துக்குத்தான் அது உண்மையில் தேவை. டிக்கட், விசா, வேலை ஒப்பந்தம் எல்லாம் ஃபோனில் வைத்திருப்பவர்கள் ஒரு பிரதியைக் கடதாசியில் எடுத்து வைப்பது நல்லது. ஃபோன் அணைந்தாலும் கடதாசி கையில் இருக்கும்.

விமானத்தின் வாசலில் என் கைப்பையை வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிட்டால்?

பையைக் கொடுப்பதற்கு முன் பவர் பேங்க், தனிப் பற்றரி இரண்டையும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பை அப்போதே செக்-இன் பெட்டி ஆகிவிடுகிறது, முதல் கேள்விக்குச் சொன்ன விதி அதற்கும் பொருந்தும். அவசரத்தில் அலுவலர் கேட்காமல் விட்டாலும் நீங்களே சொல்லி எடுங்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அங்கே பறப்பவை ஏ.டி.ஆர். வகைச் சிறிய விமானங்கள். மேல் தட்டு ஒடுங்கியது, சக்கரம் வைத்த கைப்பெட்டி பலவேளை உள்ளே போகாது, ஏணியடியிலேயே வாங்கிக்கொள்வார்கள். பவர் பேங்க், பாஸ்போர்ட், மருந்து, நகை ஆகியவற்றை முதலிலிருந்தே ஒரு சிறிய தோள்பையில் தனியாக வைத்திருந்தால் அந்த இடத்தில் பெட்டியைத் திறந்து கிளற வேண்டியதில்லை.

கைப்பை 7 கிலோ என்கிறார்கள். லப்டொப்பும் அதற்குள்ளா?

சாதாரண வகுப்பில் எமிரேட்ஸ், கட்டார் எயார்வேஸ், ஸ்ரீலங்கன், இண்டிகோ எல்லாம் 7 கிலோதான். லப்டொப் அதற்குள்ளா, வெளியிலா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், டிக்கட்டுக்கு டிக்கட் வேறுபடும். உங்கள் டிக்கட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். எழுதவில்லை என்றால் உள்ளே என்றே எடுத்துக்கொண்டு பையைக் கட்டுங்கள்.

பாரம் மட்டுமல்ல, அளவும் உண்டு. கட்டார் எயார்வேஸில் 50, 37, 25 சென்ரிமீற்றர். சக்கரமும் கைப்பிடியும் சேர்த்துத்தான் அளப்பார்கள். வெறும் சக்கரப் பெட்டியே இரண்டு, இரண்டரைக் கிலோ வந்துவிடும், மிச்சம் நான்கரைக் கிலோவில் என்ன வைப்பது? சாதாரண துணிப் பையோ முதுகுப் பையோ நல்லது. வீட்டில் தராசு இல்லாவிட்டால் பக்கத்துப் பலசரக்குக் கடையில் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். கவுண்டரில் ஆட்கள் வரிசையில் நிற்க, நிலத்தில் பெட்டியை விரித்துச் சேலையையும் மிளகாய்த்தூளையும் இடம் மாற்றுவது யாருக்கும் சங்கடம்தான்.

லப்டொப், டேப்லட்டைச் சோதனையில் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலான இடங்களில் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்துத் தனித் தட்டில் வைக்கச் சொல்வார்கள். அதனால் அதைப் பையின் அடியில் போடாமல் மேலே வையுங்கள். சார்ஜும் இருக்கட்டும். "ஓன் செய்து காட்டுங்கள்" என்று கேட்கும் இடங்கள் உண்டு, இயங்காத கருவியை ஏற்க மறுக்கலாம்.

லப்டொப்பைப் பெரிய பெட்டியில் போடுவதற்கு முழுத் தடை கிடையாது. முழுவதும் அணைத்து, அடிபடாமல் சுற்றி வைத்தால் விதி இடம் கொடுக்கிறது. ஆனாலும் கையோடு கொண்டுபோவதே நல்லது. 2017இல் துபாய், டோஹா, குவைத் உட்படப் பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களில் லப்டொப்பைக் கைப்பையில் கொண்டுபோக விடாத ஒரு காலம் இருந்தது. அந்த ஜூலையிலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. பழைய செய்தியை இன்னும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நம்பிக் குழம்ப வேண்டாம்.

கிண்ணியாத் தயிர், சம்பல், ஊறுகாய், கித்துள் பாணி... கைப்பையில் விடுவார்களா?

விடமாட்டார்கள். ஊற்றக்கூடியது, பூசக்கூடியது, வழிக்கக்கூடியது எல்லாம் அவர்கள் கணக்கில் திரவம்தான். தயிர் கட்டியாக, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் இருந்தாலும் சரி. 2006 ஓகஸ்ட்டில் லண்டனில் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வந்த விதி இது: ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து 1 லீற்றர் பிடிக்கும், உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். போத்தலின் அளவுதான் கணக்கு, உள்ளே இருப்பதன் அளவல்ல. 200 மில்லிலீற்றர் போத்தலின் அடியில் கொஞ்சம் நல்லெண்ணெய் மிஞ்சியிருந்தாலும் எடுத்துவிடுவார்கள்.

ஊறுகாய், பாணி, அரைத்த சம்பல் எல்லாம் பெரிய பெட்டியில் போகலாம். போத்தல் மூடியின் மேல் பொலித்தீன் வைத்து இறுக்கி, டேப் ஒட்டி, இன்னொரு பைக்குள் போட்டு, உடுப்புகளுக்கு நடுவில் வையுங்கள். மண் சட்டித் தயிர் எப்படிக் கட்டினாலும் தாங்காது, அதை மட்டும் விட்டுவிடுங்கள். கருவாடு காய்ந்ததாக இருந்து மணம் வெளியே வராமல் கட்டினால் பெட்டியில் போகும், ஆனால் இறங்கும் நாட்டின் சுங்கம் உணவுப் பொருளைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழுதாகக் காய்ந்த கொப்பறாத் தேங்காய் வேண்டாம். அதன் எண்ணெய் காரணமாக அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது.

கட்டாருக்கு எலக்ட்ரீசியன் வேலைக்குப் போகிறேன் அண்ணா. ட்ரில் மெஷினைக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம் தம்பி, ஆனால் இரண்டாகப் பிரித்து. மெஷின், குறடு, ஸ்க்ரூட்ரைவர், ட்ரில் பிட் எல்லாம் பெரிய பெட்டியில். கழற்றி எடுத்த பற்றரி கைப்பையில். பற்றரிக் கணக்கு இங்கேயும் அதேதான், வோல்ட்டை ஆம்பியர் அவரால் (Ah; ஆயிரம் எம்.ஏ.எச். சேர்ந்தால் ஒன்று) பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர் அவர் என்றால் 90 வாட் அவர், தாராளமாகப் போகும். 18 வோல்ட், 6 என்றால் 108 ஆகிவிடும், முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

பற்றரியின் செம்பு முனைகள் தெரியும் இடத்தை டேப்பால் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீன் பைக்குள் போடுங்கள். சாவிக்கொத்தோ சில்லறைக் காசோ இரண்டு முனையிலும் பட்டால் அதுவே ஷோர்ட் ஆகிவிடும். டெஸ்டரையும் சிறிய கத்தியையும் சட்டைப் பையில் மறந்து வைத்திருக்கிறீர்களா என்று ஒருதரம் தட்டிப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் பற்றரி போல அமிலம் உள்ள எதையும் எந்தப் பெட்டியிலும் போட வேண்டாம்.

வாப்பாவும் உம்மாவும் உம்ராவுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு என்ன கட்டிக் கொடுப்பது?

முதலில் மருந்து. இரண்டு பேரின் மருந்தும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டி பிந்தி வந்தால் பிரஷர் குளிசை இல்லாமல் இரண்டு நாள் போய்விடும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. சரக்கு அறையின் குளிரில் உறைந்துவிட்டால் அது கெட்டுப்போன மருந்து. பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு 100 மில்லிலீற்றர் விதி தடையாக இராது, ஆனால் வைத்தியரின் சீட்டும் மருந்தின் பெயர் எழுதிய உறையும் கூடவே இருக்க வேண்டும். குளிசைகளைக் கழற்றி ஒரு டப்பாவில் கலந்து போடாதீர்கள். ட்ரமடோல், கோடீன் சேர்ந்த வலி நிவாரணிகள் வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை. அப்படி ஏதும் எழுதித் தந்திருந்தால் புறப்படும் முன் வைத்தியரிடம் கேட்டு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

ஆளுக்கு ஒரு ஃபோன், இருவருக்கும் சேர்த்து ஒரு 10,000 பவர் பேங்க். அதை யாருடைய பையில் வைத்திருக்கிறீர்கள் என்று இருவருக்கும் காட்டிச் சொல்லுங்கள். செவிப்புலன் கருவி, பேஸ்மேக்கர் பற்றிக் கவலை வேண்டாம், பறக்கும்போது அவற்றை அணைக்கத் தேவையில்லை. பேஸ்மேக்கர் உள்ளவர் சோதனைக்கு முன்பே அட்டையைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். ஸம்ஸம் தண்ணீரை வரும்போது கைப்பையில் கொண்டுவர முடியாது. உடுப்புப் பெட்டிக்குள்ளும் ஒளித்து வைக்க வேண்டாம், அங்கே விமான நிலையத்தில் விற்கும் முத்திரையிட்ட 5 லீற்றர் பெட்டியாகவே வாங்கச் சொல்லுங்கள்.

ஃபிளைட் மோட் கட்டாயம் போட வேண்டுமா?

ஆம். ஒரு ஃபோனால் விமானம் விழுந்துவிடாது. ஆனால் மேலே போகும்போது ஃபோன் கோபுரத்தைத் தேடித் தேடி முழு வலுவில் சமிக்ஞை அனுப்பும், பலருடையது சேர்ந்தால் விமானியின் ஹெட்செட்டில் இரைச்சல் கேட்கலாம். அது ஏறும்போதும் இறங்கும்போதும் இடைஞ்சல். உங்களுக்கும் சார்ஜ் மிச்சம்.

ஃபோன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால்?

இருக்கையை அசைக்காதீர்கள், சாய்க்காதீர்கள். இருக்கையின் இரும்புக்குள் ஃபோன் நசுங்கினால் பற்றரி தீப்பிடிக்கும். மணியை அழுத்திப் பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்கள் எடுத்துத் தருவார்கள். கூச்சப்பட வேண்டிய விடயமே இல்லை. எல்லா நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. ஏதாவது சூடாக இருந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தாலோ அப்போதும் உடனே கூப்பிடுங்கள்.

ட்ரிம்மர், டோர்ச், ஸ்மார்ட் வோட்ச், புளூடூத் ஸ்பீக்கர்?

எல்லாம் போகலாம், கைப்பையில் இருந்தால் நல்லது. டோர்ச் பெட்டிக்குள் தானாக எரியாதபடி பற்றரியைக் கழற்றிவிடுங்கள். சார்ஜ் போடும் வசதியுள்ள ஸ்மார்ட் சூட்கேஸ் என்றால் பற்றரி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இலத்திரனியல் சிகரெட் வேண்டாம். விமான விதி கையில் வைத்திருக்க விட்டாலும் இந்தியா, கட்டார், சிங்கப்பூர் ஆகிய நாடுகள் அதைத் தடைசெய்திருக்கின்றன.

கடலுக்குப் போகும்போது பாவிக்கும் செட்டலைட் ஃபோனை இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா?

வேண்டவே வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் செட்டலைட் ஃபோனை இந்தியாவுக்குள் கொண்டுபோவது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்ட வெளிநாட்டவர் உண்டு. படகில் பாவிப்பதைப் படகிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

திரும்பி வரும்போது வீட்டுக்கு ஃபோன் வாங்கி வரலாமா?

வாங்கும் முன் அதன் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை (ஒவ்வொரு ஃபோனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியின் மேலிருந்து படமெடுத்து ஊருக்கு அனுப்புங்கள். இங்கே இருப்பவர் IMEI என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பில்லைக் கையில் வைத்திருங்கள். கடைப் பெட்டி உடைக்காத ஃபோன்கள் பல இருந்தால் விற்கக் கொண்டுவருகிறீர்களா என்று சுங்கத்தில் கேட்பார்கள்.

அங்கே நம் சார்ஜர் ப்ளக் பொருந்துமா?

டுபாய், கட்டார், குவைத், சவூதியில் சதுரக் கம்பி மூன்று உள்ள ப்ளக். நம் புதிய வீடுகளில் இருப்பதும் அதுவே, அதனால் அந்தச் சார்ஜரைக் கொண்டுபோனால் போதும். இந்தியாவுக்கு உருண்டைக் கம்பிச் சார்ஜர் வேண்டும்.